துணியையும் தட்டுமுட்டையும் எழுதி வைத்தவர்கள்

எங்கள் வீட்டில் காளத்தித் துணி ஒன்று இருக்கிறது. பாட்டனார் காளத்திநாதரைத் தரிசிக்கச் சென்றபோது வாங்கி வந்தது. இராமநவமிக் காலத்தில் மட்டும் கூடத்துச் சுவரில் தொங்கும். மற்ற நாள்களில் வேப்பிலையுடன் மடிக்கப்பட்டு மரப்பெட்டியில் உறங்கும். நடுவே பட்டாபிஷேகம், சுற்றிலும் வரிசை வரிசையாக இராமகாதை, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் தெலுங்கில் ஒருவரி விளக்கம். பாட்டியாருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. ஆகையால் எழுத்தை விட்டுப் படத்தைப் பார்த்தே தமிழில் கதை சொல்வார். அந்தத் துணியில் உள்ள மரங்களுக்கெல்லாம் இலைகள் நீலம். "மரத்தின் இலை ஏன் நீலமாக இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்டால், "அது தேவலோகத்து மரம்" என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வந்த விடை.

அந்த விடை தவறு என்பதை நாங்கள் மிகப் பிந்தியே அறிந்தோம். எப்படி அறிந்தோம் என்பதைப் பிறகு சொல்கிறோம். வீட்டுத் துணிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சித்திரமாக எழுதி வைக்கும் ஒரு பணியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். அதற்கு நாம் சற்றுத் தொலைவாக, அமெரிக்காவரை சென்று வரவேண்டும்.

1929-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பங்குச் சந்தை சரிந்ததும், அதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் வேலையின்மை நாட்டை வாட்டியதும் யாவரும் அறிந்ததே. ஆலைத் தொழிலாளர் வேலையிழந்ததைப் போலவே ஓவியரும் வேலையிழந்தனர். வயிற்றுக்கே வழியில்லாத காலத்தில் படம் வாங்குவார் யார்? ரூஸ்வெல்ட் அரசு 1935-இல் வேலைத் திட்டம் ஒன்றை வகுத்தபோது, சாலை போடுவோருக்கும் பாலம் கட்டுவோருக்கும் கூலி கொடுத்ததோடு நில்லாமல் ஓவியருக்கும் கூலி கொடுக்க முன்வந்தது. அவ்வாறு எழுந்த பணிகளுள் ஒன்று 'அமெரிக்க வடிவங்களின் அட்டவணை' என்பது. பெயர் சற்று வறட்சியானதுதான். ஆனால் பணி வறட்சியானதன்று. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தம் கையால் செய்து பயன்படுத்திய பண்டங்களைத் தேடிப் பிடித்து, அவற்றை உள்ளது உள்ளபடி நீர்வண்ணத்தில் எழுதி வைப்பதே அந்தப் பணி.

எவ்வகைப் பண்டங்கள்? ஒட்டுத்துணிப் போர்வைகள், தறியில் நெய்த படுக்கை விரிப்புகள், சிறுமியர் ஊசிப் பயிற்சிக்காகத் தைத்த எழுத்துத் துணிகள், வெண்ணெய் அச்சுகள், உப்புமெருகிட்ட மட்பாண்டங்கள், மரப்பாச்சிகள், கூரைமேல் சுழலும் காற்றுக்காட்டிச் சேவல்கள், கப்பலின் முகப்பில் நிற்கும் மரச் சிற்பங்கள். செல்வர் மாளிகைகளின் வெள்ளிப் பாத்திரம் அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. உழவன் வீட்டு அடுப்பங்கரையில் கிடப்பதைத் தேடினர். இத்தகைய படத் தொகுதி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் எழுப்பியவர்கள் இரு பெண்டிர். ஒருவர் நியூயார்க் பொது நூலகத்தின் படப் பிரிவை நடத்திய ரொமானா ஜாவிட்ஸ்; மற்றவர் துணிகளுக்குக் கோலம் வகுக்கும் ஓவியர் ரூத் ரீவ்ஸ். இந்த இரண்டாம் பெயரை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இவர் நம்மிடமே வந்து சேரப் போகிறார்.

அட்டவணைப் பணி 1935 முதல் 1942 வரை முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் நடைபெற்றது. நூற்றுக்கணக்கான ஓவியர் சேர்ந்து ஏறத்தாழ 18,000 படங்கள் எழுதினர். அவை 1943-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குச் சென்றன; இன்றும் அங்கேதான் இருக்கின்றன. புகைப்படக் கருவி இருக்கும்போது தூரிகை எதற்கு என்று கேட்கத் தோன்றும். அக்காலத்தில் வண்ணப் புகைப்படம் செலவு மிகுந்தது. நிறமும் நம்பத்தக்கதாக இல்லை. அதைவிட வலுவான காரணம் ஒன்றும் உண்டு. ஒரு போர்வையை எழுதுகிறவர் அதன் ஒவ்வொரு தையலையும் எண்ணியாக வேண்டும். எந்த நூல் மேலே ஓடுகிறது, எது கீழே ஓடுகிறது, எந்த மூலையில் கை தவறியது என்பதைக் கண்ணால் தடவிப் பார்த்த பிறகே தூரிகை நகரும். எகிப்தின் பழங்கல்லறைச் சுவரோவியங்களைப் படியெடுப்பதில் தேர்ந்த ஜோசப் லிண்டன் ஸ்மித் என்பவரின் முறையே இவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. ஆகவேதான் அந்தப் படங்களில் பழுப்பேறிய துணி பழுப்பாகவே தோன்றுகிறது. கிழிசல் கிழிசலாகவே நிற்கிறது. ஓவியன் தன் கற்பனையைக் கலவாமல் பண்டத்தையே பேசவிட்டான்.

இப்பணியில் குறையே இல்லை என்று சொல்ல இயலாது. அந்நிலத்தின் ஆதிக் குடிகள் செய்த கூடைகளும் கம்பளங்களும் இதில் இடம்பெறவில்லை. அவை மானிடவியலாரின் ஆராய்ச்சிக்குரியவை என்று ஒதுக்கிவிட்டனர். ஒரு நாட்டின் வீட்டுப் பொருள்களைத் தொகுக்கப் புகுந்து, அந்நாட்டின் மூத்த வீட்டையே விட்டுவிட்டது நமக்கு விந்தையாகவே படுகிறது. இன்னொன்று: அவர்கள் எழுதிய பண்டங்களுள் பெரும்பாலானவை நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையவை, செய்தவர்கள் மண்ணோடு மண்ணானவர்கள். படம் எழுதியவர் ஐயம் தீர்த்துக்கொள்ளக் கேட்பதற்கு எதிரே ஆள் இல்லை. இதைப் பின்னும் நினைவுகூர்வோம்.

அந்தப் போர்வைகளில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சித்திரச் சாயத் துணி மேல்நாட்டாரைப் பித்துப் பிடிக்கச் செய்தது. கட்டில் விரிப்பாக எழுதப்பட்ட பெருந்துணிகள், நடுவே கிளைபரப்பிய ஒரு மரமும் அதில் பூவும் பறவையுமாக, ஐரோப்பிய வீடுகளை அடைந்தன. அமெரிக்கக் குடியேற்ற வீடுகளையும் அடைந்தன. துணி நைந்துபோனால் அம்மாதர் அதை எறியவில்லை. பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து, வெள்ளைத் துணிமேல் ஒட்டித் தைத்து, புதுப் போர்வையாக்கினர். நம்மவர் துணி கிடைக்காதபோது, அதைப் பார்த்து இங்கிலாந்தில் அச்சிட்ட துணியை வெட்டித் தைத்தனர். சாதாரணப் பருத்தித் துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'காலிகோ' என்ற சொல்லே நம் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்ததன்றோ? பெண்டாட்டி பிள்ளைகளோடு மட்டுமா மனிதன் ஊர்விட்டு ஊர் போகிறான். பூவும் கொடியுங்கூடக் குடிபெயர்கின்றன.

இனி நம் பக்கத்துக்குத் திரும்புவோம். சாந்திபுரம் குப்பத்தை அடுத்த ஊர். தமிழகமும் கன்னட நாடும் கைக்கெட்டும் தூரம். காளத்தியோ பழைய சித்தூர் மாவட்டத்தின் எதிர்க் கோடி. 1911 வரை இவ்விரு வட்டாரங்களும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தன. பின்னர்ச் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 2022-இல் காளத்தி புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. வேலை தேடி வந்து வெளி மாநிலத்தவரானவர்கள் பலர்; இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு நகர்ந்து வெளி மாநிலத்தவரானவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. எவ்வகையினராயினும், காளத்தி நமக்கு அயலூர் ஆகிவிடாது. கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பிய தலம், மூவர் பாடல் பெற்ற தலம், பொன்முகலியாற்றின் கரை.

அந்த ஆற்றங்கரையிலேதான் துணியில் சித்திரம் எழுதும் தொழில் நிலைத்தது. கலம்காரி என்று உலகம் இப்போது அழைப்பது பாரசீகச் சொல். கலம் என்பது எழுதுகோல். தமிழில் ஓவியத்தை 'வரைவது' என்பதைவிட 'எழுதுவது' என்றே முன்னோர் சொன்னார்கள். காளத்திக் கலைஞரின் தொழிலைக் கண்டவர்க்கு அந்தச் சொல்லின் பொருத்தம் விளங்கும். மசூலிப்பட்டினத்தில் மர அச்சுகளைக் கொண்டு பதிப்பார்கள். காளத்தியில் அச்சு கிடையாது, எல்லாம் கோல்தான். கூராகச் சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் இறுகக் கட்டியிருப்பார்கள். சாயத்தில் தோய்த்தெடுத்து விரலால் அந்தச் சுருணையை மெல்ல அமுக்க, கோடு ஓடுகிறது.

செய்முறையைச் சற்று விரித்தே சொல்லவேண்டும்; அதில்தான் நாம் சொல்லவந்தது அடங்கியிருக்கிறது. வெளுக்காத பருத்தித் துணியைச் சாணநீரில் ஊறவைத்து அலசி வெயிலில் வெளுப்பார்கள். பின்பு கடுக்காய் நீரில் எருமைப்பால் கலந்து அதில் நனைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்க; பாலின் கொழுப்பு சாயம் கசிந்து பரவாமல் தடுக்க. புளியங்குச்சிக் கரியால் உருவங்களைக் குறித்துக்கொண்டபின் கறுப்புக் கோடு தொடங்கும். கறுப்பு என்று ஒரு சாயம் அங்கே கிடையாது. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லமும் பனைவெல்லமும் கரைத்த நீரில் நாள் பல ஊறவிட்டுப் புளிக்கச் செய்கிறார்கள். அந்த நீர் கோலிலிருந்து இறங்கும்போது வெளிறியே இருக்கும். துணியிலுள்ள கடுக்காயைத் தொட்டதும் கண்முன்னே கறுக்கும். முதன்முதல் பார்க்கிறவர் மாயம் என்றே எண்ணுவார்.

சிவப்பு இன்னும் நுட்பம். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீரை எழுதுகிறார்கள். அப்போது அங்கே சிவப்பு இல்லை. வரப்போகும் சிவப்புக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது படிகாரம். ஒரு நாளுக்கு மேல் உலரவிட்டு, ஓடும் தண்ணீரில் அலசவேண்டும். தேங்கிய நீர் உதவாது. மிகுதியான படிகாரம் பக்கத்து இடத்தில் படிந்துவிட்டால் அங்கும் சிவப்பு ஏறிவிடும். அதன்பின் சாயவேர், சுருள்பட்டை, மஞ்சிட்டி போன்ற வேரும் பட்டையும் இட்டு நீரில் துணியைக் கொதிக்கவிட, படிகாரம் எழுதிய இடம் மட்டும் சிவப்பைப் பற்றிக்கொள்ளும். மற்ற இடத்தில் படிந்த மங்கல் நிறம் சாணநீரிலும் ஆற்று மணலின் வெயிலிலும் போய்விடும். மறுபடியும் பால், மறுபடியும் உலர்த்தல். பிறகு கடுக்காய்ப் பூவினால் மஞ்சள், அவுரியினால் நீலம், நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் பச்சை. இராமனும் கண்ணனும் நீலம். பெண்டிர் மேனி மஞ்சள். அரக்கரைச் சிவப்பிலும் பச்சையிலும் காணலாம்.

ஆண்டில் பல மாதம் மணலாகவே கிடக்கும் ஆறு இது. ஓடும் தண்ணீருக்குக் கலைஞர் படும் பாட்டையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. ஆற்றில் நீர் இல்லையேல் எவ்வளவு கைத்திறன் இருந்தும் சிவப்பு தெளியாது.

இந்தச் செய்முறையை எழுதிவைக்க முயன்றவர்கள் நம்மவர் அல்லர், அயலார். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான பொலியே என்பவர் 1734 அளவில் புதுச்சேரியில் சாயத் தொழிலாளி அருகில் இருந்து ஒவ்வொரு படியையும் கவனித்து எழுதினார். அவர் செய்த அரிய காரியம் யாதெனில், ஒவ்வொரு படி முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்துக் குறிப்புடன் சேர்த்து வைத்ததே. அந்தக் கையெழுத்துப் பிரதி, துணித் துண்டுகளோடு, பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சில ஆண்டு கழித்து, 1742-இல், ஏசுசபைப் பாதிரியார் கெர்தூ, அதே தொழிலை விவரித்துத் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். படிகாரத்தின் பங்கையும் எருமைப்பாலின் பங்கையும் இவர்கள் எழுதி வைத்தனர்.

நாம் இவர்களை நன்றியோடு நினைப்பதா, வருத்தத்தோடு நினைப்பதா? தொழில் இரகசியத்தை எடுத்துச் சென்றவர்கள்தாம்; ஆயினும் அவர்கள் எழுதாதிருந்தால் அக்காலத்துச் செய்முறை நமக்கே தெரிந்திராது. 1866-இல் போர்ப்ஸ் வாட்சன் வெளியிட்ட தொகுதியைப் பற்றி இவ்வளவு ஐயம் தேவையில்லை. இந்தியத் துணிகளில் 700 மாதிரிகளை வெட்டிப் பதினெட்டுத் தொகுதிகளாகக் கட்டி, இருபது படிகள் செய்தார். அவற்றுள் பதின்மூன்று பிரிட்டனில் வைக்கப்பட்டன, ஏழே இந்தியாவுக்கு. இந்தியர் எதை உடுத்துகின்றனர் என்று பார்த்து அவ்வாறே தம் ஆலைகளில் நெய்து இங்கேயே விற்கவேண்டும் என்பது அதன் வெளிப்படையான நோக்கம். ஆவணம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. யாருக்காக எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் குணம்.

1917-இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த ஹாடவே, சென்னை மாகாணத்துப் பருத்தித் துணிச் சித்திரத்தைப் பற்றியும் அச்சைப் பற்றியும் படங்களோடு ஒரு நூல் எழுதினார். தொழில் அப்போதே தளர்ந்துவிட்டது. சீமைத் துணியும் செயற்கைச் சாயமும் ஒரு புறம், ஆதரிப்பாரின்மை மறுபுறம். தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பத்துக்காக நெய்து எழுதப்பட்ட கோடாலிக் கருப்பூர்ச் சேலைகளின் கதி என்ன? ஆதரித்த அரண்மனை போயிற்று, தொழிலும் போயிற்று. பழைய சேலைகள் சில அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. காளத்தித் துணிக்கும் அந்தக் கதி வந்திருக்கும். வராமல் தடுத்தவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் கமலாதேவி சட்டோபாத்தியாயர். 1952-இல் அமைந்த அகில இந்தியக் கைத்தொழில் வாரியத்தை நடத்தியவர் அவர். 1957-இல் காளத்தியில் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. தொழில் தெரிந்த முதியவர் சிலரே எஞ்சியிருந்த காலம். அவர்களுள் ஒருவரான ஜொன்னலகட்ட லட்சுமையா இளைஞருக்குக் கற்பித்தார். அவர் மகன் குரப்பச் செட்டியார் 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்று காளத்தியில் கோல் பிடிக்கும் கைகள் பல. பெண்டிரும் நிறையவே எழுதுகின்றனர்.

இதே ஆண்டுகளில்தான் ரூத் ரீவ்ஸ் இந்தியாவுக்கு வந்தார். 1892-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பாரிசில் லெஜே என்ற ஓவியரிடம் பயின்றவர். நியூயார்க்கின் பேர்பெற்ற ரேடியோ சிட்டி அரங்குக்குத் துணிக்கோலம் வகுத்தவர். அட்டவணைப் பணியின் முதல் ஒருங்கிணைப்பாளரும் அவரே. 1956-இல் புல்பிரைட் உதவிபெற்று இந்தியக் கைத்தொழில்களைக் காண வந்தவர், திரும்பிச் செல்லவில்லை. 1966-இல் புதுதில்லியில் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்தார். அறுபதைக் கடந்த வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, புகழும் பழகிய ஊரும் வேண்டாமென்று, வெயிலில் ஊர் ஊராகச் சுற்றிய அந்த அம்மையாரைப் பற்றி நம்மவர் அதிகம் பேசக் காணோம்.

1961-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது பதிவாளர் நாயகமாக இருந்தவர் அசோக் மித்திரா. தலைகளை எண்ணுவதோடு கணக்கை முடித்துவிட அவர் விரும்பவில்லை. சிற்றூர்களைப் பற்றியும் திருவிழாக்களைப் பற்றியும் கைத்தொழில்களைப் பற்றியும் தனித்தனி அறிக்கைகள் எழுதச் செய்தார். ஆந்திரம், சென்னை உள்ளிட்ட மாநிலங்களுக்கெல்லாம் அத்தகைய நூல்கள் வந்துள்ளன. அவரது அலுவலகத்தில் கைத்தொழில்களுக்குக் கௌரவ ஆலோசகராக இருந்தவர் ரூத் ரீவ்ஸ். கணக்கெடுப்பு அலுவலகத்தில் ஓவியருக்கு என்ன வேலை என்று சிலர் வியந்திருக்கலாம். அமெரிக்காவில் செய்த வேலையின் தொடர்ச்சியே இது. ஆனால் முறை வேறு. அங்கே பண்டம் மட்டும் இருந்தது. இங்கே பண்டத்தின் பக்கத்தில் அதைச் செய்தவர் உட்கார்ந்திருந்தார். என்ன கருவி, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, எந்தப் படிக்குப் பின் எந்தப் படி, கூலி எவ்வளவு, யார் வாங்குகிறார், மகன் இத்தொழிலுக்கு வருவானா என்றெல்லாம் கேட்கலாம், விடையும் கிடைக்கும். நம் நாட்டு மெழுகு வார்ப்பைப் பற்றி அவர் எழுதி 1962-இல் வெளிவந்த நூலும் வார்த்த உருவத்தின் அழகோடு நின்றுவிடவில்லை; உருவம் பிறக்கும் முறையைச் சொல்கிறது.

இந்த வேற்றுமை எவ்வளவு பெரிது என்பதை எங்களுக்கு உணர்த்தியது அந்த நீல இலைதான். துணியின் ஓரம் நைந்துவிட்டதால், என்ன செய்யலாம் என்று கேட்க அதைக் காளத்திக்கு எடுத்துச் சென்றோம். பல ஆண்டுகளாகக் கோல் பிடித்த முதியவர் ஒருவர் துணியைத் திண்ணையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். "மரத்தை நீலமாக எழுதியிருக்கிறார்களே, ஐயா, ஏன்?" என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. ஓரத்தில் மடித்துத் தைத்திருந்த பகுதியில் இரண்டு மூன்று தையலை மெதுவாகப் பிரித்து, மடிப்பை விரித்துக் காட்டினார். அங்கே மறைந்திருந்த அரை இலை பச்சையாக இருந்தது. வெயிலும் காற்றும் படாமையால் அந்த இடத்தில் மஞ்சள் நின்றுவிட்டது. மற்ற இடங்களில் மஞ்சள் காலப்போக்கில் மங்கி மறைய, அடியிலிருந்த அவுரி நீலம் மட்டும் எஞ்சியது. மற்ற நிறங்களைக் காட்டிலும் மஞ்சள் நிலைப்புக் குறைந்தது. "நாங்கள் எவரும் நீல இலை எழுதுவதில்லை, அம்மா" என்று எங்கள் அத்தையாரைப் பார்த்துச் சொன்னார் அவர். பிறகு சீதையின் முகத்தைக் காட்டி, "இதுவும் இவ்வளவு வெளிறி இருந்ததில்லை" என்றார்.

அட்டவணைக்காகப் போர்வை எழுதிய அமெரிக்க ஓவியரை அப்போது நினைத்துக்கொண்டோம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது அவர் நோன்பு. எங்கள் துணியை அவர் கையில் கொடுத்திருந்தால் ஒவ்வொரு நீல இலையையும் துல்லியமாக நீலமாகவே எழுதியிருப்பார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது. ஆனால் நூறாண்டுக்குப் பிறகு அப்படத்தைப் பார்த்துத் துணி எழுதுகிறவன் நீல இலையையே எழுதுவான். மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள நம் பழைய சோழமண்டலத் துணிகள் பலவற்றில் இலைகள் இப்போது நீலமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம் என்று அறிந்தோர் கூறுகின்றனர். படம் பண்டத்தின் இன்றைய கோலத்தைச் சொல்லும். அது பிறந்த நாளின் கோலத்தைச் சொல்லத் தையலைப் பிரிக்கத் தெரிந்த ஒரு விரல் வேண்டும்.

வெளி மாநிலங்களில் வாழும் நம் வீடுகளிலும் இத்தகைய பொருள்கள் உண்டு. பம்பாயில் ஒரு சிறு குடியிருப்பின் பரண்மேல் பவானி ஜமக்காளம் இருக்கும். தில்லியில் ஒரு சமையலறையில் மரத்தாலான அஞ்சறைப்பெட்டி இருக்கும். பெங்களூரில் யாரோ ஒருவர் பாட்டியின் பத்தமடைப் பாயை வண்ணம் போகாமல் சுருட்டி வைத்திருப்பார். ஊரில் இருப்பவர்களைவிட வெளியூரில் இருப்பவர்களே இவற்றைப் பத்திரமாக வைத்திருப்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். ஊரில் பழையதைப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாம். கடை பக்கத்திலேயே இருக்கிறது. வெளியூரில் அது ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிறது. கைப்பேசியில் படம் எடுத்துவிடுவது இப்போது நொடிப்பொழுது. படத்தோடு நாலு வரி எழுதி வைப்பவர் அரியர்.

நாங்கள் எழுதி வைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறோம். பழைய கோலத்தைப் புதுப்பிக்க மஞ்சள் ஏற்றித் தருவீர்களா என்று அம்முதியவரைக் கேட்டதற்கு அவர் மறுத்துவிட்டார். நைந்த துணி மறுபடி ஆற்றைத் தாங்காது என்றார். ஓரத்துக்கு மட்டும் பின்புறம் மெல்லிய துணி வைத்துத் தைத்துத் தந்தார். பிரித்த மூன்று தையலையும் அப்படியே விட்டுவிடச் சொன்னோம். ஊர் திரும்பியதும் ஒரு தாளில் துணியின் நீள அகலத்தையும், பாட்டனார் அதை வாங்கி வந்த வரலாற்றையும், எந்தெந்த இடத்தில் பச்சை நீலமாகி இருக்கிறது என்பதையும், தெலுங்கு விளக்கங்களைத் தமிழில் பெயர்த்தும் எழுதினோம். பாட்டியார் சொல்லி வந்த கதையும் விளக்கமும் சில கட்டங்களில் ஒத்துவரவில்லை; இரண்டையும் எழுதினோம். முதியவர் சொன்ன செய்முறையை அவர் சொன்ன வரிசையிலேயே குறித்தோம். எழுதியவர் பெயர் என்று ஒரு வரி போட்டு, அதன் எதிரே இடம் விட்டிருக்கிறோம். அம்முதியவர் கோட்டின் போக்கைப் பார்த்து இரண்டு குடும்பங்களின் பெயரைச் சொன்னார். எது என்று உறுதி சொல்லவில்லை. அடுத்த இராமநவமிக்குள் மீண்டும் ஒருமுறை காளத்திக்குப் போய்க் கேட்டு வரவேண்டும்.